ஐடா ஸ்கடர் தொடங்கிய வகுப்பறை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் காலைப் பேருந்துகளில் ஏறுவோர் சிலரின் கைகளில் ஜவுளிக்கடைப் பைகள் இருக்கும். அவற்றுள் துணி இராது. எக்ஸ்ரே படங்களும் மடித்து மடித்து நைந்துபோன மருந்துச் சீட்டுகளும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கும். ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜாப்பேட்டை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் பயணம். திருப்பருத்திக்குன்றத்தில் நான் குடியிருக்கும் பகுதியிலும் அப்படிப் போய்வந்தவர்கள் பலர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் அமர்ந்திருப்பவருக்கு முழங்காலும் முதுகும்தான் முதலில் தேயும். உள்ளூர் மருத்துவத்தில் தீராதது என்றால் வேலூருக்குப் போ என்பது இங்கே மூன்று தலைமுறைகளாக வழங்கும் சொல்.

அந்த வழியில் வாலாஜாப்பேட்டையைத் தாண்டினால் இராணிப்பேட்டை. 1870 டிசம்பர் 9 அன்று ஐடா சோபியா ஸ்கடர் அங்கேதான் பிறந்தார். அவரை மருத்துவராகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர் என்பதால் அது இயல்பே. ஆனால், மருத்துவப் பள்ளியைத் தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவரது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. அந்த வரிசைமுறையில் இன்றைக்கும் உரிய ஒரு செய்தி இருக்கிறது.

ஸ்கடர் குடும்பத்துக்குத் தமிழ் மண்ணோடு இருந்த உறவு ஐடாவோடு தொடங்கியதன்று. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியவர். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்களில் பலர் இங்கேயே மருத்துவர்களாகவும் மதப் பணியாளர்களாகவும் வாழ்ந்தனர். ஐடாவின் தந்தையும் மருத்துவரே. குழந்தைப் பருவத்தில் ஐடா கண்ட காட்சி 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம். பசியால் சுருண்ட குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கையால் ஊட்டிய நினைவு அவரை நெடுங்காலம் விடவில்லை. பஞ்சத்தில் முதலில் விழுவோர் நிலமற்ற கூலிகளும் நெசவாளரும் என்று பொருளியல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது வழக்கம். சோற்றுக்கு வழியில்லாதபோது யாரும் துணி வாங்குவதில்லை. எங்கள் பகுதி நெசவாளருக்கு இதை விளக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

இந்தியாவிலேயே தங்கிவிடும் எண்ணம் ஐடாவுக்கு அறவே இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டில் படித்துக்கொண்டிருந்தவர், தாயார் நோயுற்றதால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவதுதான் திட்டம். அங்கே ஓர் இரவில் நடந்தது பலரும் அறிந்த கதை. பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியருக்கு உதவ வேண்டி அடுத்தடுத்து மூவர் கதவைத் தட்டினர். முதலில் ஓர் அந்தணர், அடுத்து ஓர் இசுலாமியர், பின்னர் வேறொரு இந்து. மருத்துவரான தந்தை வரத் தயாராக இருந்தார். ஆனால், ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. இளம்பெண்ணான ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை.

இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சமூகத் தடைகளைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அம்மூன்று வீடுகளிலும் பேறுகாலத்தில் அருகே இருந்த பெண்களில் முறையாகப் பயின்றவர் ஒருவர் இருந்திருந்தால், மூவரில் ஒருவராவது பிழைத்திருக்கக்கூடும். ஏனெனில், 1871இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டிருந்தது. பயிற்சி என்ற ஒன்று மாகாணத் தலைநகரில் இருந்தது, திண்டிவனத்தில் இல்லை. தலைநகரில் இருக்கும் அறிவு சிற்றூருக்கு வந்துசேர எடுத்துக்கொள்ளும் காலம்தான் அன்றும் இன்றும் நம் சுகாதாரத் துறையின் பெருஞ்சிக்கல்.

ஐடா அமெரிக்கா திரும்பி, 1895இல் ஃபிலடெல்ஃபியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படுவதற்கு முன் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 தொடக்கத்தில் வேலூருக்கு வந்தபோது ஐடாவுக்கு வயது இருபத்தொன்பது. தந்தையோடு சில ஆண்டுகள் இணைந்து பணியாற்றித் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்துபோனார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பட்டம் கையில் இருக்கிறது, அனுபவம் இல்லை, கேட்டுத் தெளிய மூத்தவர் எவருமில்லை. இன்றைக்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பையோ நான்காண்டு இளநிலைப் பட்டத்தையோ முடித்துவிட்டு, முதல் இரவுப் பணியிலேயே ஒரு வார்டு முழுவதையும் பொறுப்பேற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் நிலையும் இதுதான். தம் வீட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஐடாவுக்குத் துணையாகக் கிடைத்தவர், வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி. எழுத்தறிவைவிடக் கூர்த்த கண்ணும் நடுங்காத கையும் அவருக்கு இருந்தன. ஐடா அவருக்குக் கருவிகளைக் கொதிக்கவைக்கவும் கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்தார். தம் முதல் பெரிய அறுவைச் சிகிச்சையைச் சலோமி ஒருவரையே உதவிக்கு வைத்துக்கொண்டு செய்தார். முதல் இரண்டாண்டுகளில் அவர் பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

நாற்பது படுக்கைகளுக்கு ஒரு மருத்துவர். இந்தக் கணக்கிலிருந்துதான் செவிலியர் பள்ளி பிறந்தது. மருத்துவர் ஒரு நோயாளியிடம் செலவிடுவது சில நிமிடங்கள். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளி இருப்பது செவிலியரின் பார்வையில். காய்ச்சல் ஏறுவதையும், தையலிட்ட இடம் சிவப்பதையும், மூச்சு மாறுவதையும் முதலில் காண்பவர் அவர். காண்பதன் பொருள் அவருக்குத் தெரியாவிட்டால் மருத்துவரின் திறமை வீண். இதை ஐடா விரைவிலேயே உணர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பயிற்சி பெற்ற செவிலியரான டீலியா ஹூட்டன் பொறுப்பேற்க, 1909இல் பள்ளி தொடங்கியது.

மாணவியர் எளிதில் கிடைத்துவிடவில்லை. பிறர் உடலைத் துடைப்பதும் மலசலம் அகற்றுவதும் இழிந்த வேலை என்று கருதப்பட்ட காலம். சாதித் தீட்டு ஒருபுறம். திருமணமாகாத பெண் இரவில் வெளியே தங்குவதா என்ற கேள்வி மறுபுறம். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அப்பெண்களைத்தான் அழைத்துக்கொண்டு ஐடா வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் பயணம் செய்தார். முதலில் குதிரை வண்டியிலும் 1909க்குப் பிறகு பியூஜோ மோட்டார் வண்டியிலும் சென்று, மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி மருத்துவம் பார்த்தார். புகையைக் கக்கிக்கொண்டு வந்த அவ்வண்டியைப் பேயென்று கருதிச் சிற்றூர் மக்கள் ஓடியதாகச் சொல்வார்கள். அந்தச் சாலையோர மருத்துவம் அறப்பணி மட்டுமன்று, வகுப்பறையும்கூட. பாடநூலில் இல்லாத நோய்களை, பாடநூலில் இல்லாத வீடுகளில் வைத்துக் கற்றார்கள்.

1918 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு முன்னிலையில் மகளிருக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கள் வந்து சேர மாட்டார்கள் என்று கருதிய அரசு அதிகாரிகள் அரை மனத்தோடுதான் அனுமதி அளித்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. முதலாண்டுத் தேர்வில் மாகாணத்தின் ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் தோற்க, வேலூர் மாணவியர் பதினால்வரும் தேறினர். பிறகு தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனையும் பாகாயத்தில் கல்லூரி வளாகமும் எழுந்தன. 1928இல் காந்தியடிகள் வந்து பார்த்துச் சென்றார். வெற்றிக் கதைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவை வேலூரின் சுவர்களிலேயே இருக்கின்றன.

நான் முக்கியமாகக் கருதுவது, பொதுவாக விரைந்து கடந்துவிடப்படும் ஓர் அத்தியாயத்தை. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. என்ற மருத்துவப் பட்டயப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனிப் பல்கலைக்கழகப் பட்டமே செல்லும். வேலூர்ப் பள்ளி கொடுத்துவந்தது அந்தப் பட்டயத்தைத்தான். ஏறத்தாழ எழுபது வயதில், வாழ்நாள் உழைப்பால் எழுப்பிய பள்ளியின் தகுதி போதாது என்ற செய்தி ஐடாவை வந்தடைந்தது. பட்டப் படிப்புக்குத் தரம் உயர்த்தப் பெருந்தொகையும் கூடுதல் படுக்கைகளும் பேராசிரியர்களும் வேண்டும். நிதி திரட்ட 1941இல் மீண்டும் அமெரிக்கா சென்றவர், போர் காரணமாகவும் பணி காரணமாகவும் நான்கு ஆண்டுகள் அங்கேயே ஊர் ஊராக அலைந்தார். பெண்களுக்காகவே உருவான நிறுவனத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்ற பூசல் நெடுங்கால நண்பர்களையே எதிரெதிராக நிறுத்தியது. தாம் விரும்பாத அம்மாற்றத்தை இறுதியில் அவர் ஏற்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின; 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். அரசின் ஆணையை அநீதி என்று அவர் வழக்காடியிருக்கலாம். தரம் உயர வேண்டியது தேவைதான் என்று அதன்படி உழைத்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

செவிலியர் கல்வியிலும் அதே உயர்வு நிகழ்ந்தது. 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப் படிப்புகள் தொடங்கின. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையே இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தகைய பஞ்சத்தில், ஆட்களை விரைவாக உருவாக்குவதே அறிவுடைமை, பட்டப் படிப்பு ஆடம்பரம் என்று வாதிட்டோர் இருந்திருப்பார்கள். எண்ணிக்கையா, தரமா என்ற அந்தப் பழைய கேள்வி இன்னும் நம்மை விட்டபாடில்லை.

1960 மே 24 அன்று கொடைக்கானலில் ஐடா காலமானார். மறு ஆண்டே, 1961இல், இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை வேலூரில் நடந்தது. 1971இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வந்தது. 1909இல் பயின்ற ஒரு செவிலியர், எத்துணைச் சிறந்தவராயினும், புதிதாகக் கற்காமல் அந்த அறுவை அரங்கில் நின்றிருக்க முடியாது. அரை நூற்றாண்டில் நேர்ந்த அந்த மாற்றம் இப்போது ஐந்தாண்டுகளில் நேர்ந்துவிடுகிறது.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு மருத்துவமனை இரவு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். மருந்தைத் துளித்துளியாக அளந்து செலுத்தும் இயந்திரம் நள்ளிரவில் ஒலி எழுப்பியது. ஓடிவந்த இளம் செவிலியர் ஒலியை நிறுத்தினார், அது மீண்டும் ஒலித்தது, மீண்டும் நிறுத்தினார். மூன்றாம் முறை அவர் கைகள் நடுங்குவதைக் கண்டேன். அந்த இயந்திரம் வந்து இரண்டு மாதமாகிறதென்றும், விற்பனை நிறுவனத்தார் பகல் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் அரை மணி நேரம் விளக்கினார்களென்றும், தாம் அன்று இரவுப் பணி என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். வேறு தளத்திலிருந்து ஒருவர் வந்து சரிசெய்தார், தீங்கொன்றும் நேரவில்லை. அப்பெண்ணிடம் குறை காண என் மனம் ஒப்பவில்லை. அவர் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த இயந்திரம் அங்கே இருந்திராது. பணியில் சேர்ந்த பிறகு அவருக்குக் கற்பிப்பது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. செவிலியர் தம் பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. ஆனால், மணி நேரத்தை எண்ணுவது வேறு, கற்றதை அளப்பது வேறு. இருநூறு பேர் அமர்ந்த அரங்கில் ஒரு நாள் கருத்தரங்கு, மதிய உணவு, சான்றிதழ் என்று முடிந்துவிடுவதும் மணிக்கணக்கில் சேர்கிறது. பலர் விடுப்பெடுத்து, கைக்காசில் கட்டணம் செலுத்தி அங்கே போகிறார்கள். மறுநாள் வார்டில் எதுவும் மாறுவதில்லை.

மருத்துவமனைகள் ஏன் பயிற்சிக்குச் செலவிடுவதில்லை? பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் இதற்கு விடை உண்டு. எங்கும் செல்லுபடியாகும் திறனை ஒரு முதலாளி சொந்தச் செலவில் கற்பித்தால், கற்றவர் அதிக ஊதியம் தரும் இடத்துக்குப் போய்விடலாம். எனவே அவர் கற்பிக்கமாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் தேர்ந்த செவிலியரை வளைகுடா நாடுகளும் பிரிட்டனும் கூவி அழைக்கும்போது இந்த அச்சம் இன்னும் கூடுகிறது. அதனால்தான் சில தனியார் மருத்துவமனைகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது போன்ற தகாத வழிகளில் இறங்குகின்றன. ஊதியமோ இன்னும் துயரமான கதை. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை எட்டாத மருத்துவமனைகள் நம் சிறுநகரங்களில் ஏராளம். அந்த ஊதியத்திலிருந்து எவர் பயிற்சிக் கட்டணம் செலுத்துவார்?

ஐடா இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தார். அவரிடம் பயின்ற பெண்கள் வேலூரிலேயே தங்கவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாடெங்கும் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு அவர்கள் சென்று சேர்வதே நோக்கம். போனவர் இழப்பல்லர், விளைச்சல். அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் அனுப்பிய நன்கொடைகள் அச்செலவைத் தாங்கியதால் அது சாத்தியமாயிற்று. இன்று அந்த இடத்தில் யார் நிற்பது? அரசும் மருத்துவமனைகளும் பகிர்ந்து நிற்கலாம் என்பது என் கருத்து. படுக்கை எண்ணிக்கைக்கேற்ப ஒவ்வொரு மருத்துவமனையும் சிறு தொகையை ஒரு மாநில நிதியில் செலுத்தட்டும். எல்லாரும் செலுத்தினால், பயிற்றுவித்தவர் இழப்பார், பயிற்றுவிக்காதவர் ஆதாயம் பெறுவார் என்ற நிலை இராது. பயிற்சி நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இது எல்லாவற்றையும்விட எளிதான சீர்திருத்தம். ஆனால் பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி முதலில் மறுக்கப்படுவதும் இதுவே.

கல்லூரிகளையும் விட்டுவிட முடியாது. மாணவியர் பயில்வதற்குப் போதிய நோயாளிகள் உள்ள மருத்துவமனை இணைந்திருக்க வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. ஆய்வு நாளில் நிரம்பும் படுக்கைகள் மறுநாள் காலியாகும் கல்லூரிகள் இந்நாட்டில் இல்லையென்று எவரும் துணிந்து சொல்லமாட்டார். நாற்பதாண்டு காலம் கல்லூரிகளை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஆய்வுக் குழுக்களின் வருகையைப் பற்றி எனக்கு மாயை ஏதுமில்லை.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளைக் கலப்பதும் செலுத்துவதும் சிந்தினால் துடைப்பதும்கூடத் தனிப் பயிற்சி தேவைப்படும் வேலைகள். தவறினால் நோயாளிக்கு மட்டுமன்றிச் செவிலியருக்கும் கேடு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீடுகளுக்கே சென்று, படுத்த படுக்கையாக இருப்போருக்கு வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கின்றனர். ஐடாவின் சாலையோர மருத்துவம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது எனலாம். ஆனால், வீட்டில் தனியே முடிவெடுக்கும் செவிலியருக்கு வார்டில் இருப்பவரைவிடக் கூடுதல் அறிவு வேண்டும். காரப்பேட்டை போன்ற இடங்களில் மாவட்டத்துச் செவிலியர் சுழற்சி முறையில் இரண்டு வாரம் தங்கிப் பணிசெய்து கற்க ஏற்பாடு செய்தால், பத்துக் கருத்தரங்குகளைவிட அது பயன்படும்.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலைக் காண வருவோர் மேல்விதானத்து ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சினகாஞ்சி எனப்பட்ட இவ்வூரில் தழைத்த சமணம், உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கையும் தலையாய கொடைகளாகப் போற்றியது. மருந்தும் கல்வியும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளரின் மகள் செவிலியர் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். தந்தை ஜக்கார்டு பெட்டிக்கு மாறிய காலத்தில், முப்பது வயதுக்கு மேல், தொழிலை மறுபடி கற்றவர். கற்ற அந்த மாதங்களில் தறி ஓடவில்லை, வீட்டில் கடன் ஏறியது. அண்மையில் அப்பெண் என்னிடம் பொருளாதாரம் படித்தவர் என்ற முறையில் ஒன்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு மேற்பயிற்சிக்கு அனுப்பினால், அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிப்பார்களா என்று. மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்றேன். அப்படியானால் சேரும்போதே கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.